அன்று, அங்கே இருந்த வானம்

“கறுப்பு வெள்ளைக்கு எதுக்கும்மா டிகிரி படிச்ச புள்ள? கலர எடுத்துவிட்டா முடிஞ்சுச்சு வேல.”

பதினொரு வருடத்துக்கு முன்னால், புதுக்கோட்டையில் இருக்கும் இந்த ஸ்டுடியோவுக்கு வேலை கேட்டு வந்த அன்று முதலாளி சொன்னது இது. கல்யாண ஆல்பங்களுக்குக் கறுப்பு வெள்ளைப் படம் செய்ய அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. என் கையில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தது. வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று தாசில்தார் கையெழுத்துப் போட்டுத் தரும் காகிதம். கல்லூரிக் கட்டணத்துக்காக வாங்கியதை வேலை கேட்கும்போதும் கொண்டுவந்திருந்தேன். அதை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாண ஆல்பம் ஒட்டுகிற மூலை மேஜையைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். நேற்றுவரை எழுந்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

என் இடத்துக்கு நீங்கள் மூன்று பேர் வந்திருக்கிறீர்கள். ஒரு ஆள் வேலைக்கு மூன்று பேரா என்று முதலாளி முணுமுணுத்தார். அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. முப்பத்து மூன்று வயதில் ஓய்வு என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் கண்ணும் மணிக்கட்டும் வயதைக் கேட்டுக்கொண்டு தேய்வதில்லை. சாம்பலுக்கும் சாம்பலுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைப் பதினொரு வருடம் உற்றுப் பார்த்தால் ஒருநாள் சும்மா ஒரு சுவரைப் பார்த்தாலும் களைப்பாக இருக்கும். எனக்கு அந்த நாள் வந்துவிட்டது.

வந்த முதல் நாளே நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “அக்கா, அந்த ஐப்பசிய எங்களுக்கும் குடுத்துட்டுத்தானே போவீங்க?” ஐப்பசி என்பது நான் செய்து வைத்த ப்ரிசெட். ஒருமுறை அழுத்தினால் போதும், எந்த மங்கிய வானமும் கறுத்துத் திரண்டு, இப்போதே இடி விழும் என்பதுபோல் நிற்கும். அது எப்படிப் பிறந்தது, என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறேன். கொடுத்துவிட்டுப் போகிறேனா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எல்லாம் ஒரு ஓட்டலில் ஆரம்பித்தது. திருமயம் பக்கம் ஒரு பழைய பெரிய வீட்டை வாங்கி, வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற மாதிரி மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் நடைச் சுவருக்கு நம் மாவட்டத்தின் மழைக்கால நிலக்காட்சிகள் பன்னிரண்டு, கறுப்பு வெள்ளையில், ஆள் உயரத்துக்கு வேண்டும் என்று கேட்டார்கள். கடையின் போட்டோகிராபர் ஆரோக்கியம் அண்ணன் படம் எடுப்பது, நான் செம்மைப்படுத்துவது என்று முடிவானது. கல்யாணமும் காதுகுத்தும் மட்டுமே பார்த்த கடைக்கு இது பெரிய வேலை.

நீல வானத்தைக் கறுப்பாக்குவது சுலபம். கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது நீலத்தை மட்டும் இறக்கினால் வானம் இருண்டுவிடும், மேகம் வெளேரென்று நிற்கும். பதினைந்து நாளில் யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் நம் ஐப்பசி வானத்தில் நீலம் எங்கே இருக்கிறது? சாம்பலுக்குள் சாம்பல். எந்த ஸ்லைடரை இழுத்தாலும் வானம் முழுவதும் ஒன்றாக இறங்கும், ஒன்றாக ஏறும். அண்ணன் கொண்டுவந்த பன்னிரண்டில் எட்டு அப்படித்தான் இருந்தன.

நான் இழுத்தேன். குடுமியான்மலைப் படத்தில் வானத்தை இழுத்த இழுப்பில் கோபுரத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு விழுந்ததை என் கணினித் திரை காட்டவில்லை. செல்போனிலும் தெரியவில்லை, அதில் பார்த்தவர்கள் எல்லாம் “செம” என்றார்கள். ஆள் உயரத்துக்கு அச்சாகி வந்ததை அண்ணன் விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“ஏம்மா, கோபுரத்துக்கு எப்ப சுண்ணாம்பு அடிச்சாங்க?”

கடையே சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. வீணான காகிதத்தைச் சுருட்டி என் நாற்காலிக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். வேலை முடியும்வரை அது அங்கேயே நின்றது.

அந்தச் சுருளுக்குப் பயந்துதான் ஐப்பசி பிறந்தது. மூன்று வாரம் வேறு எதுவும் செய்யவில்லை. வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, கட்டடத்தின் விளிம்பைத் தொடாமல், மேகத்துக்குள் இருக்கும் மெல்லிய ஏற்ற இறக்கத்தை மட்டும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்தினேன். அறுபத்து மூன்று படிகள். அவற்றை ஒன்றாகக் கட்டியதுதான் அந்த ஒற்றை பட்டன். கோடு இல்லை, புள்ளி இல்லை. ஒட்டு வேலையும் இல்லை, அதுதான் எனக்கு முக்கியம். மற்ற கடைகளில் ஒரு ஃபோல்டர் நிறைய வானம் வைத்திருப்பார்கள், எந்தப் படத்துக்கு வேண்டுமோ எடுத்து ஒட்டுவார்கள். நான் வெளியிலிருந்து ஒரு துளி மேகம்கூடக் கொண்டுவரவில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு குறிப்பு வேண்டும் என்று ஓட்டல்காரர்கள் கேட்டபோது அதையும் நானே எழுதினேன். இடம், தேதி, நேரம். பிறகு ஒரு வரி: “இந்த வானம் ஒட்டப்பட்டதல்ல. அன்று, அங்கே இருந்த வானம்.” அதற்குக் கீழே அண்ணன் பெயர், என் பெயர். ரேஷன் கார்டையும் என் சான்றிதழ்களையும் தவிர எங்கள் வீட்டில் ஒருவர் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. விரலை வைத்து எது என் பெயர் என்று காட்டச் சொன்னார்; காட்டினேன். அந்த வரியின் மேல் எனக்கு எவ்வளவு பிடிப்பு இருந்தது என்பது இப்போது புரிந்தால்தான் பிறகு நான் செய்ததும் புரியும்.

பன்னிரண்டில் எல்லாருக்கும் பிடித்தது ஒரு கண்மாய்ப் படம். அறந்தாங்கிப் பக்கத்துச் சின்ன ஊர். நீண்ட கரை, ஓரத்தில் பனைமரங்கள், மேலே கொட்டக் காத்திருக்கும் கறுத்த வானம். நேரம் மாலை மூன்று நாற்பது. திறப்பு விழாவுக்குப் பத்து நாள் முன்னால் ஓட்டல்காரர்கள் அதை, குறிப்போடு சேர்த்து, இன்ஸ்டாகிராமில் போட்டார்கள்.

நான்கு நாள் கழித்து ஒரு முற்பகலில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் குடை, கக்கத்தில் மஞ்சள் பை. பெயர் சித்ரா என்று பிறகு தெரிந்தது. போனை நீட்டி அந்தப் படத்தைக் காட்டினாள்.

“இது நீங்க போட்டதாங்க?”

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “நம்ம கடைதாம்மா. ஒங்க ஊரா?”

“ஆமாங்க. எங்க கண்மாய்தான். இந்த வானம்… இது நெசமாவே அன்னைக்கு எடுத்ததுதானா?”

இப்படிக் கேட்டவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். ஒட்டு வேலையோ என்று சந்தேகப்பட்டுக் கேட்பார்கள். முதலாளி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “ஒட்டே கெடையாதும்மா. ஒரிஜினல். கீழ எழுதியே இருக்கு பாருங்க” என்றார். என்னைப் பார்த்தார். நானும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, கர்வத்தோடு சொன்னேன்:

“நான் எதையும் சேர்க்கலைங்க. அதுல இருந்ததத்தான் வெளியில கொண்டாந்திருக்கேன்.”

அவள் போனைப் பார்த்தாள். “அப்ப நான்தான் பாக்கல” என்றாள். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டாள்.

முதலாளி அடுத்த வேலைக்குப் போய்விட்டார். நானும் போயிருப்பேன். ஆனால் அவள் குடை மேஜையில் சாய்ந்தபடி இருந்தது. வெயில் இல்லை, மழை இல்லை, ஆனால் அவள் குடையை மறந்துபோகிற ஆள் மாதிரித் தெரியவில்லை. எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ் ஸ்டாண்டில், அறந்தாங்கி பஸ் நிற்கிற இடத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

குடையைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, கடையிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். “எதுக்குங்க அப்படிக் கேட்டீங்க?”

ஒரு பஸ் வந்து நின்றது, ஆள் ஏறினார்கள், போனது. அவள் ஏறவில்லை. பிறகு சொன்னாள். படம் எடுத்த அதே நாள், அதே கண்மாய்க் கரையில், நாலு மணி வாக்கில் அவளுடைய மாமனார் இடி விழுந்து இறந்துபோயிருக்கிறார். மாட்டைப் பிடித்துவர அனுப்பியது அவள்.

“பால் சொசைட்டிக்கு நேரமாச்சு. கன்னுக்குட்டி கத்துது. ‘மாமா, கரையில மேயிற மாட்டப் புடிச்சுட்டு வாங்க’ன்னேன். போனாரு. வானம் வெளுத்துக் கெடந்துச்சுங்க. நான் துணி தொவச்சுக் கொடியில போட்டுக்கிட்டிருந்தேன். கறுத்திருந்தா துணி காயப்போடுவேனா? எல்லார்கிட்டயும் அதத்தான் சொன்னேன். எல்லாரும் நம்புனாங்க.”

“இப்ப?”

“என் கொழுந்தன் குவைத்துல இருக்காரு. அப்பா சாவுக்கு வர முடியல. ஊர் வாட்ஸ்அப் குரூப்புல நம்ம கண்மாய்னு யாரோ இந்தப் படத்தப் போட்டுட்டாங்க. தேதியப் பாத்துட்டாரு. நேரத்தப் பாத்துட்டாரு. எங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, ‘இந்த மேகத்துக்குள்ளயாண்ணே அப்பாவ அனுப்புனா ஒம் பொண்டாட்டி? ரெண்டு லிட்டர் பாலுக்கு?’ன்னு கேட்டிருக்காரு. எங்க வீட்டுக்காரரு என்கிட்ட ஒண்ணும் சொல்லல. நாலு நாளா ஒண்ணுமே சொல்லல.”

குடையின் பட்டனை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தாள்.

“அதுகூடப் பரவால்லங்க. படத்தப் பாத்துப் பாத்து எனக்கே இப்ப இப்படித்தான் இருந்துச்சோன்னு தோணுது. துணி காயப்போட்டேனா, இல்ல எடுத்தேனான்னு குழம்புது.”

அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு வேலை என்பது என்ன என்று புரிந்தது. நான் எதையும் சேர்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு நாட்டுப்புற மனிதர் மாட்டைப் பிடிக்கப் போன சாதாரண மாலையை, புத்தி உள்ள யாரும் வெளியே போகாத மாலையாக மாற்றியிருந்தேன். இறந்தவரை முட்டாளாக்கியிருந்தேன். அனுப்பியவளைக் கல்நெஞ்சக்காரியாக்கியிருந்தேன். கீழே என் பெயரையும் போட்டிருந்தேன்.

“வாங்க, கடைக்குப் போவோம்” என்றேன். “கேமரா புடிச்சபடியே இருக்கிற படம் என்கிட்ட இருக்கு. நானே அத மூணு மாசமாத் தெறந்து பாக்கல.”

முதலாளிக்கு விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னைத் தனியாக அச்சு அறைக்குக் கூப்பிட்டார்.

“ஏம்மா, அடுத்த வாரம் தெறப்பு. சட்டம் போடக் குடுத்தாச்சு. வானம் அப்படி இல்லன்னு இப்ப நாமளே சொன்னா பன்னெண்டையும் திருப்பி அனுப்புவான். அவங்க வீட்டுச் சண்டைக்கு நம்ம கடையில பஞ்சாயத்தா?”

“அந்த வரிய எழுதுனது நானுங்க.”

“எழுதுனதும் சரிதானே! ஒட்டல, அவ்வளவுதானே எழுதியிருக்க?”

“அன்று இருந்த வானம்னும் எழுதியிருக்கேன்.”

அவர் அச்சு இயந்திரத்தின் மூடியைத் திறந்து மூடினார். கெட்டவர் இல்லை, அவர் கவலையும் பொய் இல்லை. “என்னமோ செய்யி” என்றார். ஆனால் எங்கள் பின்னாலேயே வந்து, தன் நாற்காலியையும் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மூலப் படத்தைத் திறந்தேன். சித்ரா திரைக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். கரை இருந்தது, பனைகள் இருந்தன. மேலே ஒன்றும் இல்லை. வெளுத்து, தட்டையாக, சோம்பிக் கிடந்த வானம். பார்த்தால் யாரும் குடைகூட எடுக்க மாட்டார்கள். அண்ணன் இதைக் கொண்டுவந்தபோது “இத வச்சு என்னண்ணே பண்றது?” என்று நான் சலித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

“இதுதான்” என்றாள். “இதேதான். பழைய வேட்டி மாதிரி. இப்படித்தான் கெடந்துச்சு.” மூச்சு விட்டாள். பிறகு அவள் விரல் திரையின் வலது ஓரத்துக்குப் போனது. “இது என்னங்க?”

நானும் அப்போதுதான் பார்த்தேன். வலது மூலையில், கடைசிப் பனைக்கு மேலே, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு. அழுக்கு இல்லை, நிழல் இல்லை. மேகம். ஐப்பசியை அழுத்தியபோது வானம் முழுவதும் கறுத்ததால் இது அதற்குள் மறைந்துபோயிருந்தது. இப்போது வெளுப்பின் நடுவே தனியாகத் தெரிந்தது.

“இது இருந்துச்சா?” என்றாள்.

“இருந்திருக்கு.”

முதலாளிதான் மெதுவாகச் சொன்னார், இந்தத் தடவை கடைக்காக இல்லை, அவளுக்காக: “அதத் தொடச்சு விட்டுரும்மா. ஒரு நிமிச வேல. நல்லது பண்ணுறதுன்னு ஆயிப்போச்சு, முழுசாப் பண்ணிரு.”

சித்ரா என்னைப் பார்த்தாள். செய் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நான் அழித்தேன். உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. பிரஷை எடுத்து, பக்கத்து வெளுப்பை அதன் மேல் இழுத்து, பதினைந்து வினாடியில் அழித்தேன். சுத்தமாகப் போய்விட்டது, என் வேலை எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். வானம் குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மூன்று மாதத்துக்கு முன்னால் அதே நாற்காலியில் அதே கை அதே வானத்தைத் தனக்கு வேண்டியபடி ஆக்கியது கண்ணுக்கு முன் வந்தது. அன்று சுவருக்காக. இன்று இந்தப் பெண்ணுக்காக. கைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு படி பின்னால் போனேன். கறுப்பு திரும்பி வந்தது.

“மன்னிச்சுக்கங்க” என்றேன் சித்ராவிடம். “இது இருந்தது. இருக்கட்டும்.”

அவள் தலையை ஆட்டினாள். ஒத்துக்கொண்டாளா, நொந்துபோனாளா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் அது சரியான முடிவா என்று தெரியவில்லை. நெருக்கடியில் எடுக்கிற முடிவு சரியென்று அந்த நேரத்தில் ஒருநாளும் தெரியாது. கை நின்றது, அவ்வளவுதான்.

குவைத்தில் அவள் கொழுந்தனுக்குப் பகல் சாப்பாட்டு இடைவேளை நமக்கு இரண்டரை மணி. முதலாளி மூன்று தயிர் சாதப் பொட்டலம் வாங்கிவரச் சொன்னார், யாரும் பிரிக்கவில்லை. இரண்டரைக்கு என் போனிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டேன். சித்ரா கேமராவில் படாமல், சுவர் ஓரமாக நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அவர் பெயர் பாண்டி. தலையில் மஞ்சள் ஹெல்மெட், பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம்.

நான் யார் என்று சொன்னேன். அந்தப் படத்தின் வானத்தைக் கறுப்பாக்கியது நான் என்று சொன்னேன். போனைத் திரைக்கு எதிரே நிறுத்திவிட்டு, கறுத்த படத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போனேன். அறுபத்து மூன்று. அறுபத்து இரண்டு. ஒவ்வொரு படிக்கும் நான் என்ன செய்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னேன். முன்னால் போகும்போது மூன்று வாரம் எடுத்தது. பின்னால் வர ஏழெட்டு நிமிடம். நாற்பதில் மேகத்தின் திரட்சி போனது. இருபதில் இருட்டு போனது. ஒன்றில் கலர் திரும்ப வந்தது. கரையில் புல் பச்சையாக இருந்தது.

அவர் ஹெல்மெட்டின் வாரைத் தளர்த்தினார். பிறகு கேட்டார்:

“கறுப்பாக்கத் தெரிஞ்ச ஒங்களுக்கு வெளுப்பாக்கத் தெரியாதா?”

அவர் கேட்டது நியாயம். மாற்றிக் காட்டி ஒருமுறை பிடிபட்டவள், மாற்றாததைக் காட்டினாலும் யார் நம்புவார்கள்? முதலாளி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வேண்டாம் என்று கை காட்டினேன்.

“வலது பக்கம்” என்றார் திடீரென்று. “கடைசிப் பனைக்கு மேல. அது என்ன?”

“மேகமுங்க. கறுத்த மேகம்.”

“அது நீங்க போட்டதா?”

“இல்லங்க. அது அன்னைக்கே இருந்தது.”

“அத அழிக்க முடியாதா ஒங்களால?”

“முடியுமுங்க. பதினஞ்சு செகண்டு. ஒருதடவ அழிச்சேன். அப்புறம் திரும்ப வச்சுட்டேன்.”

ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தார். நெற்றியில் அதன் தடம். அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கலுங்குப் பக்கத்துலேர்ந்து எடுத்திருக்காரு” என்றார், தனக்குள் வழி கேட்டுக்கொள்வதுபோல. கலுங்கு என்றால் கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிகிற இடம். “அப்ப அது வடக்கு.”

“வடக்குதாங்க.”

“எங்க வீட்டுலேர்ந்து வடக்க ஒண்ணும் தெரியாதுங்க. புளியமரம் மறைக்கும்.”

சுவர் ஓரமாக இருந்த சித்ரா சட்டென்று குனிந்து நாற்காலிக்கு அடியில் செருப்பைத் தேட ஆரம்பித்தாள். செருப்பு அவள் காலில்தான் இருந்தது.

கரைக்கு ஏறிய பிறகு அந்தப் பெரியவருக்கு அது தெரிந்திருக்கும். மாட்டை விட்டுவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. அது ஏன் என்பது எந்தப் படத்திலும் இல்லை. நான் அதைச் சொல்லவும் இல்லை.

“மதினி அங்க இருக்காங்களா?” என்று பாண்டி கேட்டார்.

நான் சித்ராவைப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அவருக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்: “வீட்டு நம்பருக்குக் கூப்பிடச் சொல்லுங்க. கடையில வச்சுப் பேச வேணாம்.” எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்தத் தடவை மறக்கவில்லை.

அன்று சாயங்காலமே ஓட்டல்காரர்களுக்கு நடந்ததை எழுதினேன். கண்மாய்ப் படத்தின் இரண்டு வடிவங்களையும் அனுப்பினேன். மற்றவற்றின் கீழே உள்ள அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். ஏதோ பெரிய சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. “வரியை எடுத்துவிடுகிறோம். வெளுத்த படம் சுவருக்கு எடுப்பாக இல்லை, கறுத்த படம் அந்தக் குடும்பத்துக்காக வேண்டாம்” என்று இரண்டு வரியில் பதில். பதினொரு படம் மாட்டினார்கள். முதலாளி ஒரு வாரம் என்னிடம் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. எட்டாம் நாள், என் நாற்காலிக்குப் பின்னால் நின்ற குடுமியான்மலைச் சுருளை எடுத்துக்கொண்டுபோய்ப் பழைய பேப்பரோடு போட்டார். அவர் பாஷையில் அது ஒரு வார்த்தை.

பத்து நாள் கழித்து சித்ரா வந்தாள். வெளுத்த படம் ஒன்று வேண்டும் என்றாள். “பெருசா வேணாம். பீரோ கதவுல உள்பக்கம் ஒட்டுற மாதிரி.” போட்டுக் கொடுத்தேன். மூலையில் கறுப்பு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

“கூப்பிட்டாரா?” என்று கேட்டேன்.

“கூப்பிட்டாரு. ரெண்டு பேருக்கும் பேச்சு வரல. கட் பண்ணவும் இல்ல. சும்மா வச்சுக்கிட்டே இருந்தோம்” என்றாள். “அப்புறம், ‘மாடு எப்படி இருக்கு’ன்னு கேட்டாரு.”

இதில் உங்களுக்குப் பாடம் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. இரண்டு விஷயம் மட்டும். யாராவது வந்து ‘இது நிஜமா’ என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் எதற்காகக் கேட்கிறார்கள் என்று கேளுங்கள். நான் அந்தக் குடை இல்லாவிட்டால் கேட்டிருக்கவே மாட்டேன். வானத்தைக் கறுப்பாக்குவது தப்பு என்றும் நான் சொல்லவில்லை. சுவருக்குச் செய்யுங்கள், அழகாகச் செய்யுங்கள். கீழே தேதியும் நேரமும் எழுதும்போது மட்டும் கையை நிறுத்திக்கொள்ளுங்கள். நமக்கு அது ஒரு நல்ல மேகம். யாரோ ஒருவர் அதற்குக் கீழே நின்றிருப்பார்.

இனி நீங்கள் கேட்டது. திங்கட்கிழமை நீங்கள் என் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது ஐப்பசி அதில் இருக்காது. கடையின் மற்ற மூன்று கம்ப்யூட்டரிலும் இருக்காது, காப்பி எடுத்து வைத்த டிரைவிலும் இருக்காது. முதலாளியிடம் முன்பே சொன்னேன். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அறுபத்து மூன்று படிகளையும் ஒரு நோட்டில் தமிழில் எழுதி மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் கையால்தான் செய்ய வேண்டும், ஒவ்வொன்றிலும் எங்கே நிறுத்துவது என்று நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும். நேரம் ஆகும். பட்டனை நேற்று மாலை மூன்று நாற்பதுக்கு அழித்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வடக்கே பார்த்தேன். எதிர்க் கட்டடம் மறைத்தது. மாடிக்கு ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.